தரையிலிருந்து தோள் வரை

மார்ச் 4

தையல்காரிக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோணலாகத்தான் இருக்கும், படித்துக்கொள். நான் போன் செய்யவில்லை என்று உன் அக்கா குறைப்பட்டாளாம். போனில் என் நாக்கு என்ன பாடு படுத்தும் என்று உனக்குத் தெரியும். போன தடவை சகலை எடுத்து, "ஹலோ, யாருப்பா நீ, குடிச்சிருக்கியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். பக்கவாதம் வந்து ஏழு வருடம் கழித்து எனக்கு இந்தப் பெயரும் தேவைதான்.

உன் அக்கா உன்னைக் கூட்டிக்கொண்டு போன மறுநாளே மகள் என்னை இந்த நடைப்பயிற்சி மையத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டாள். "அம்மா தோள் சரியாகுற வரைக்கும்தான்ப்பா" என்றாள். பழுதான மோட்டாரைப் பட்டறையில் போட்டுவிட்டுப் போகிறவர்கள்கூட ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர். எனக்கு வலது பக்கம் விழுந்தது என்றால் அவருக்கு இடது பக்கம். "கிளட்ச்ச மட்டும் நீங்க மிதிங்க சார், நான் வண்டிய எடுத்துர்றேன்" என்கிறார். நாள் முழுக்க இதே பேச்சு.

முதல் நாள் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி வந்து நடந்து காட்டச் சொன்னாள். நம் மகளைவிடச் சின்னவள். "ஆளைக் கூப்பிடு" என்றேன். "எந்த ஆளை?" என்று கேட்டாள். "என் வலப்பக்கம் ஒரு ஆள் நிக்கணும். கையை அவர் தோள்ல போட்டாத்தான் எனக்கு நடை வரும்" என்று விளக்கினேன். ஒரு உதவியாளைக் கூட்டிவந்தாள். விளக்குக் கம்பம் மாதிரி இருந்தான். என் கை அவன் தோளில் தொங்கியது. இன்னொருவன் வந்தான், குள்ளம். நான் அவன் மேல் கவிழப் பார்த்தேன். ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை. எனக்கு நடக்க வராது என்று முடிவுகட்டிக்கொண்டு அவள் போய்விட்டாள். ஏழு வருடமாக நடப்பவன் நான்!

யோசித்துப் பார்த்தேன். கோளாறு என்னிடம் இல்லை, உயரத்தில் இருக்கிறது. சக்கரம் வைத்த ஒரு ஸ்டாண்ட், மேலே பஞ்சு சுற்றிய கட்டை, அவ்வளவுதான் வேண்டும். பழைய கூட்டாளியிடம் சொன்னால் வெல்டிங் அடித்துக் கொடுப்பான். ஆனால் அளவு பிசகக் கூடாது. தரையிலிருந்து உன் இடது தோள் வரை எவ்வளவு உயரம்? செருப்பு இல்லாமல் நின்று பார். டேப் உன்னிடம் இருக்கும், அக்காவைப் பிடிக்கச் சொல். உடனே எழுது.

லிஃப்ட்காரன்


மார்ச் 13

லிஃப்ட்காரருக்கு,

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றுதான் உங்கள் கடிதமும் வந்தது. இடது கை துணித் தொட்டிலில் கிடக்கிறது; அக்காதான் பிரித்துப் படித்துக் காட்டினாள். முடித்துவிட்டு, "ஏண்டி, உனக்கு ஆபரேஷன்னு அவருக்குத் தெரியும்ல?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். காகிதத்தைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். அங்கேயும் ஒன்றும் இல்லை.

டாக்டர் என் தோளின் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, "என்ன வேலைம்மா பாக்குறீங்க? மூட்டை தூக்குறீங்களா?" என்றார். தையல் என்றேன். "தையல்ல இப்படித் தேயாதே" என்றார். அக்கா சும்மா இருப்பாளா? "ஒரே மூட்டைதான் டாக்டர். ஏழு வருஷமா எறக்கவே இல்ல." நான் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு உங்களுக்குத் துரோகம் செய்ததுபோல் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அப்படியும் இல்லை.

நீங்கள் கேட்ட அளவுக்கு வருகிறேன். அக்கா டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாள், நான் வேண்டாம் என்றேன். எந்த அளவு வேண்டும் உங்களுக்கு? முதன்முதலில் கை போட்ட நாளில் இருந்த உயரமா, இப்போது இருப்பதா? எனக்கு நானே துணி வெட்டும்போது இடது தோளைக் கொஞ்சம் இறக்கி வெட்ட வேண்டியிருந்தது. முதலில் துணிதான் சரியில்லை என்று நினைத்தேன். அடுத்த துணியிலும் இறக்கினேன். போன வருடம் இரண்டு விரல் இறக்கினேன். உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் என்னை நேராக நிற்கச் சொல்லியிருப்பீர்கள்.

இந்தத் தோளில் இனி எடை ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காய்கறிப் பைகூடக் கூடாதாம். அதனால், நான் வந்தாலும் உங்கள் கைக்கு அடியில் வர மாட்டேன். கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். கோபப்படவும் தெம்பு வேண்டியிருக்கிறது.

ஸ்டாண்ட் செய்வதென்றால் செய்துகொள்ளுங்கள். இரும்புக்கு என் அளவு எதற்கு?

நான்தான்


மார்ச் 22

தையல்காரிக்கு,

அளவு கேட்டது ஒரு குற்றமா? லிஃப்ட் வைக்கப் போனால் முதல் வேலையே அளப்பதுதான். எந்தக் கட்டடக்காரரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது இல்லை.

மூட்டை என்றதும் சிரித்தாய். இருக்கட்டும். மூட்டைக்கும் பேச இருக்கிறது. இனிமேல் சக்கர நாற்காலிதான் என்று அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். நீயும் பக்கத்தில்தான் நின்றாய். வீட்டுக்கு வந்ததும் அந்த நாற்காலியை மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானே ஒரு நடையைக் கண்டுபிடித்தேன். எதைத்தான் நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து கற்றேன்? லிஃப்டையும் பார்த்துப் பார்த்துத்தான் கற்றேன். ஒரு பக்கம் ஆள் ஏறும் கூண்டு, எதிர்ப் பக்கம் இரும்பு எடை. இரண்டும் சரியாக நின்றால் சின்ன மோட்டாரே இழுத்துவிடும். அதே கணக்குத்தான். நான் கூண்டு, நீ எடை. உன் தோளில் ஊன்றி, இடுப்பைத் தூக்கி, வலது காலை வளைத்து வீசிப் போட்டேன். தெருமுனைக் கடை வரை போனோமா இல்லையா? "ஜோடியா வாக்கிங் கெளம்பிட்டாங்கப்பா" என்று கடைக்காரர் கேலி பேசினாரா இல்லையா?

இந்தப் பெண் என்னைச் சுவரோரக் கம்பியைப் பிடித்து நடக்கவைத்துப் போனில் படம் எடுத்தாள். காட்டினாள். வலது காலின் நுனி தரையைக் கூட்டிக்கொண்டு வருகிறது.

"தாத்தா, உங்க வலது கால் ஏழு வருஷமா லீவுல இருக்கு. நீங்க நடக்கல. உங்க வீட்டம்மா ரெண்டு பேருக்கும் சேர்த்து நடந்திருக்காங்க."

"நான் உனக்குத் தாத்தா இல்ல" என்றேன்.

"சரிங்க சார். ஆனா கால் லீவுதான்" என்றாள்.

வலது காலில் எடையைப் போடச் சொல்கிறாள். தொட்டால் தெரியாத காலில்! பிரி விட்ட கம்பிக் கயிற்றில் ஆள் ஏற்றுவார்களா? மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கும் ஒரு சாமான் வைத்திருக்கிறார்கள். கூரையில் தண்டவாளம், அதிலிருந்து தொங்கும் வார்ப்பட்டை. இடுப்பிலும் தொடையிலும் கட்டிவிட்டால் விழும்போது பிடித்துக்கொள்ளுமாம். யார் மாட்டியது, என்ன போல்ட், கடைசியாக எப்போது சோதித்தீர்கள் என்று கேட்டேன். கூடத்தில் எல்லார் பயிற்சியும் நின்றுபோனது. மானேஜர் வந்தார். ஏணி வந்தது. அந்த விளக்குக் கம்பத்து ஆளை மேலே ஏற்றி ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டச் சொல்லி, நான் கீழே உட்கார்ந்து சத்தம் கேட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் எரிச்சல். இருந்தாலும் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஸ்டாண்டும் வேண்டாம் என்று மகளிடம் இந்தப் பெண் போன் போட்டுச் சொல்லிவிட்டாளாம். மேலே ஒரு வரியை அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கப் பார்க்காதே.

நீ எப்போது வருகிறாய்? அதை மட்டும் எழுது.

லிஃப்ட்காரன்


ஏப்ரல் 6

லிஃப்ட்காரருக்கு,

இந்தக் கடிதத்தை நானே படித்தேன், இரண்டு தடவை. போல்ட்டெல்லாம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். என் தோளைப் பற்றி ஒரு சொல் இருக்கிறதா என்று தேடினேன்.

எனக்கும் இங்கே பயிற்சிதான். சுவரைப் பார்த்து நின்று, இடது கை விரல்களைப் பல்லி மாதிரி மேலே ஏற்ற வேண்டும். எட்டிய இடத்தில் அக்கா பென்சிலால் கோடு போடுகிறாள். நேற்றைய கோட்டைத் தொடுவதற்குள் கண்ணில் நீர் முட்டிவிடுகிறது. அத்தான் பேப்பரை இறக்கி, "இன்னிக்கு ஸ்கோர் என்ன?" என்பார். அக்கா, "நீங்க ஒருநாள் ஏத்திப் பாருங்க, தெரியும்" என்பாள். பேப்பர் மறுபடி மேலே போய்விடும்.

நான் கூண்டு, நீ எடை என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணமான புதிதில் ஒரு கட்டடத்துக்குக் கூட்டிப்போய் லிஃப்டின் உள்பக்கத்தைக் காட்டினீர்கள். கூண்டில் விளக்கு இருந்தது, கண்ணாடி இருந்தது. எடை சுவருக்குப் பின்னால் இருட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, அது பாட்டுக்கு இருக்கும் என்றீர்கள்.

"அம்மா வழுக்கிட்டா" என்று மகளிடம் சொன்னீர்களாம். நான் வழுக்கவில்லை. குளியலறைத் தரை காய்ந்துதான் இருந்தது. தோளுக்குள் துணி கிழிவதுபோல் ஒன்று கிழிந்தது. நான் "மெதுவா, மெதுவா" என்றேன். நீங்கள் "நேரா நில்லு" என்றீர்கள். இத்தனை வருடமும் அதைத்தான் சொன்னீர்கள். சாய்ந்தது நீங்கள். பிறகு நான் தரையில், நீங்கள் என் மேல். பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்து வரும்வரை நாம் அப்படியே கிடந்தோம். அப்போது எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? அப்பாடா, இனி எழுந்திருக்க வேண்டாம் என்று.

இங்கே பின்னறை காலியாக இருக்கிறது. "இங்கயே இருந்துரு. மெஷின ஜன்னலோரமாப் போட்டுக்கலாம், உன்ன யாரு கூப்பிடப் போறா?" என்கிறாள் அக்கா. உங்களை அந்த மையத்திலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்வார்களா என்று விசாரிப்பதாக மகள் சொன்னாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இங்கே நன்றாகத் தூங்குகிறேன். அதுதான் பயமாக இருக்கிறது.

எப்போது வருகிறாய் என்று கேட்டீர்கள். வருவேனா என்பதே எனக்கு இன்னும் தெரியவில்லை.

நான்தான்


ஏப்ரல் 18

தையல்காரிக்கு,

உன் கடிதத்துக்கு அன்றைக்கே பதில் எழுதிவிட்டேன். தரை ஈரம்தான் என்று நன்றாக வாதாடியிருந்தேன். மறுநாள் கிழித்தேன். தரை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. வலது காலுக்கு ஈரமும் ஒன்றுதான், காய்ந்ததும் ஒன்றுதான்.

மகள் விசாரித்த இடத்தை எனக்கும் காட்டினார்கள். இங்கேயே மேல்மாடி. லிஃப்டில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். தளத்துக்கு ஒரு விரல் கீழே போய் நிற்கிறது, கேட்க ஆள் இல்லை. மேலே ஒரு நீளமான அறை. ஜன்னலைப் பார்த்து வரிசையாக நாற்காலிகள், நாற்காலிகளில் ஆட்கள். வெளியே இருப்பது தண்ணீர்த் தொட்டிதான். அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "நல்லா காத்து வரும் சார்" என்றான் கூட வந்தவன்.

கீழே வந்ததும் அந்தப் பெண்ணிடம், "கட்டு" என்றேன்.

வார்ப்பட்டையைக் கட்டிவிட்டு என் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "எடைய வலது பக்கம் கொண்டாங்க சார். முட்டிய நான் பிடிச்சிருக்கேன்." கொண்டுபோனேன். முட்டி மடங்கியது. தொங்கினேன். இரண்டு மாடிக்கு நடுவில் கரண்ட் போன லிஃப்ட் மாதிரி. பஸ் டிரைவர்தான், "சார், எந்த மாடிக்குப் போவணும்?" என்றார். வழக்கமாக இருந்தால் பதிலுக்குக் கொடுத்திருப்பேன். களைப்பாக இருந்தது, விட்டுவிட்டேன்.

வார் தொடையில் அறுத்தது, இடுப்பில் அறுத்தது. அவ்வளவு கனமா நான் என்று இருந்தது. உன் தோளில் இருந்தபோது எனக்கு எடையே இல்லாத மாதிரிதான் இருக்கும்.

"மறுபடியும்" என்றாள். அதிலிருந்து தினமும் மறுபடியும்தான். இரண்டு காலிலும் நிற்க வருகிறது, நடக்க வரவில்லை. பழைய நடையும் போய்விட்டது, கம்பியைப் பிடித்து அதை எடுத்துப் பார்த்தேன், வரவில்லை. இப்போது கழிப்பறைக்குச் சக்கர நாற்காலியில்தான் கொண்டுபோகிறார்கள். ஏழு வருடம் உட்கார மாட்டேன் என்று இருந்தவன். இருந்ததையும் கெடுத்துவிட்டாய் என்று அவளைத் திட்டினேன். "திட்டுங்க சார், ஆனா நின்னுக்கிட்டே திட்டுங்க" என்கிறாள்.

தோள் எப்படி இருக்கிறது? கோடு எதுவரை வந்தது?

லிஃப்ட்காரன்


மே 3

லிஃப்ட்காரருக்கு,

உங்கள் கடைசி வரியை அக்காவிடம் காட்டினேன். "பேனா சறுக்கியிருக்கும்" என்றாள். பிறகு அவளே இன்னொரு தடவை வாங்கிப் படித்தாள்.

கோடு காது உயரத்துக்கு வந்திருக்கிறது. அதற்கு மேல் ஏறாது என்கிறார் டாக்டர். எனக்குப் போதும். தலை சீவிக்கொள்கிறேன். கத்திரி பிடிக்கும்போது துணியை இடது கை அழுத்திக்கொள்கிறது. வலி போகவில்லை, ஆனால் அது என் வலி என்று தெரிகிறது.

மேல்மாடி வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். அழுதாள். அவளைத் திட்டாதீர்கள். வேலையையும் பார்த்து, குழந்தைகளையும் பார்த்து, நம்மை இரண்டு ஊரில் வைத்துக்கொண்டு பார்க்கிறாள்.

நான் வருகிறேன். ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. உங்கள் வலப்பக்கம் நிற்க மாட்டேன். இடப்பக்கம் வேண்டுமானால் கூட வருகிறேன். அந்தக் கையில் நீங்கள் ஒரு தடி வைத்துக்கொள்ளுங்கள். விழுந்தால் தூக்க மாட்டேன், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவேன். காலையில் சீருடைக் கடைக்குத் தைக்கப் போவேன். முதலாளியம்மாவிடம் பேசிவிட்டேன்; உட்கார்ந்த வேலை, துணியை எடுத்துக் கொடுக்க ஆள் உண்டு. மத்தியானம்தான் வீட்டுக்கு வருவேன். அதுவரை நீங்கள் தனியாக இருக்க வேண்டும். தண்ணீரை நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும். குளியலறைக்கு நீங்களே போக வேண்டும்.

முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள். நான் இங்கேயே இருந்துகொள்கிறேன், உங்களுக்கு வேறு ஏற்பாடு யோசிப்போம். அதற்காக உங்கள்மேல் எனக்கு வருத்தம் வராது. முடியும் என்று பொய் எழுதி, என்னை வரவழைத்து, வந்த பிறகு கையை நீட்டினீர்கள் என்றால் என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. தோள் தானாகப் போய் நின்றுவிடும். அது எனக்கே தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.

மகளிடம் விசாரிக்க மாட்டேன், அந்தப் பெண்ணிடமும் கேட்க மாட்டேன். நீங்கள் எழுதுவதை நம்பித்தான் கிளம்புவேன்.

நான்தான்


மே 24

தையல்காரிக்கு,

வீட்டிலிருந்து எழுதுகிறேன். வந்து இரண்டு வாரம் ஆகிறது. உடனே எழுதாததற்குக் காரணம் உண்டு. இருந்து பார்க்காமல் முடியும் என்று எழுத இஷ்டமில்லை.

வலது கணுக்காலுக்கு ஒரு பிளாஸ்டிக் தாங்கி கொடுத்திருக்கிறார்கள். இடது கைக்கு நாலு கால் தடி. அந்தப் பெண் வீட்டுக்கே வந்து குளியலறைச் சுவரில் பிடிகம்பிகளை அடிக்கவைத்தாள். எங்கே அடிப்பது என்று எங்களுக்குள் சண்டை. ஒன்று அவள் சொன்ன இடத்தில் இருக்கிறது, ஒன்று நான் சொன்ன இடத்தில். அவள் சொன்னதுதான் கைக்கு வாகாக இருக்கிறது. என்னுடையதில் துண்டு தொங்குகிறது.

கட்டிலிலிருந்து குளியலறைக்குத் தனியாகப் போகிறேன். தனியாகத் திரும்பி வருகிறேன். தடி, வலது கால், இடது கால். நத்தை என்னைப் பார்த்தால் ஒதுங்கி வழிவிடும். சில நேரம் போய்ச் சேர்வதற்குள் அவசரம் முந்திக்கொள்கிறது. பொய் எழுதாதே என்றாய், அதனால் இதையும் எழுதுகிறேன். தெருமுனை முடியாது. வாசற்படியே முடியாது. இனிமேல் முடியும் என்று அந்தப் பெண்ணும் சொல்லவில்லை, கேட்டால் பேச்சை மாற்றுகிறாள். நல்ல நடை எது என்று கேட்டால் பழையதுதான் என்பேன். உன்னோடு போன நடைதான். அதை மாற்றிச் சொல்லச் சொல்லாதே. ஆனால் இது தனியாக வருகிறது.

மகள் காலையில் எட்டிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவாள். மத்தியானம் அவள் திரும்பி வரும் வரை வீட்டில் நான் மட்டும். ஒருநாள் அடுப்படியில் விழுந்தேன். நீ பக்கத்தில் இல்லாமலே விழுந்ததால் யாரையும் குற்றம் சொல்ல வழியில்லாமல் கிடந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து தூக்கினார். "கூப்பிட்டிருக்கலாமே, எவ்ளோ நேரமாக் கெடக்குறீங்க?" என்றார். கூப்பிட்டேன்தான், என் நாக்கில் வந்த அவர் பெயரை அவரே அடையாளம் கண்டுபிடிக்கவில்லை. இப்போது கையில் ஒரு விசில் வைத்திருக்கிறேன்.

ஆகவே, முடியும். யோசித்துத்தான் எழுதுகிறேன்.

சீருடைக் கடை விஷயத்தில் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. நேரில் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீ கிளம்பிப் போய்விடுவாய், அது வேறு.

நீ வந்துவிட்டால் தினமும் வர வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். நீ வரும் அன்று நான் வாசலில் நிற்பேன் என்று எதிர்பார்க்காதே. கட்டிலில்தான் இருப்பேன். சாவி உன்னிடம் இருக்கிறது, திறந்துகொண்டு வா. உன்னைப் பார்த்ததும் எழுந்து நிற்பேன். அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை நிலைப்படியிலேயே நில். பதறி உள்ளே வராதே.

உன் பெட்டியை வண்டிக்காரர் வாசலில் வைத்துவிட்டுப் போவார். அதை நீ தொடாதே. என்னாலும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை வரை அங்கேயே கிடக்கட்டும்.

லிஃப்ட்காரன்